ஐஸ் கம்பெனி மாடியில் நான்

அந்த யோசனை எனக்கு வந்தது காகிமா வீட்டுக் கட்டிலில். சந்தேஷ் இனிப்புத் தட்டு ஒன்று என் மூக்குக்கு நேராக வந்து, நிற்காமல், என்னைத் தாண்டி அக்காவிடம் போனது. அதே நொடியில் வந்தது. எனக்கு எட்டு வயது. யோசனை இதுதான்: நானும் அங்கே இருந்திருந்தால் என்ன?

அங்கே என்றால் நாகப்பட்டினத்தில். சுனாமி வந்த அன்று.

காகிமா எங்கள் கீழ்வீட்டுக்காரர். கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில், அவர் வீட்டுக்கு மேல்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, மாற்றலாகி வந்த ஊர். காகிமா என்றால் வங்காளத்தில் சித்தி முறை. அவருக்கு வேறு பெயர் ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்கு அந்த வயதில் தோன்றியதே இல்லை. அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். நாகப்பட்டினத்திலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அவளைப் பார்க்கத்தான் அன்று எங்கள் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் அந்தக் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு வங்காளம் தெரியாது. நடுவில் நான். அவர்கள் கேட்பதை நான் தமிழில் அக்காவிடம் கேட்பேன். அவள் சொல்வதை வங்காளத்தில் அவர்களிடம் சொல்வேன். கேள்வி எப்படி மாறி வந்தாலும் அக்கா சொன்னது மூன்றே வாக்கியம்.

"தண்ணி வந்துச்சு. ஐஸ் கம்பெனி மாடியில ஏத்திவிட்டாங்க. சாயந்தரம் எறக்கிவிட்டாங்க."

இதை வைத்துக்கொண்டு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? கேட்க வந்தவர்களோ தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னால் ஆனதைச் செய்தேன். அலையை ஹவுரா பாலத்தின் உயரத்துக்குத் தூக்கினேன். ஒரு படகை எடுத்து பஸ் கூரைமேல் வைத்தேன். அது டிவியில் பார்த்தது. ஒரு பசுமாடு கன்றுக்குட்டியோடு நீந்திப் போனது. அது என் சொந்தச் சரக்கு. மூன்று வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் பேசினேன், கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கி. முடித்தபோது கட்டில் முழுக்க "ஆஹா ரே" என்று மூக்கை உறிஞ்சியது. பிறகு எல்லாக் கைகளும் நீண்டு தடவியது யார் தலையை? வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அக்காவின் தலையை.

சந்தேஷும் அவளுக்கு. குளிர்காலம் முடிவதற்குள் கிடைத்த கடைசி ஈச்சவெல்லத்தில் செய்தது. அவளுக்கு மூன்று, தட்டில் மிச்சம் இருந்ததால் எனக்கு ஒன்று. அக்கா மூன்றையும் சாப்பிடவில்லை என்பது வேறு. அதை நான் சாப்பிட்டேன் என்பதும் வேறு. கொடுக்கப்பட்டது யாருக்கு என்பதுதான் விஷயம்.

நியாயமாகப் பார்த்தால் அந்தச் சுனாமியில் எனக்கும் பங்கு இருந்தது. அந்த டிசம்பர் லீவுக்கு நாங்கள் நாகப்பட்டினம் போவதாக இருந்தோம். ஹவுராவிலிருந்து ரயில், டிக்கெட் கையில், எனக்குப் புது சூட்கேஸ்கூட வாங்கியாகிவிட்டது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கன்னம் ஒரு பக்கம் உப்பியது. மறுநாள் அடுத்த பக்கம். "பொன்னுக்கு வீங்கி" என்றாள் அம்மா. "மாம்ப்ஸ்" என்றார் டாக்டர். அப்பா டிக்கெட்டை ரத்து செய்யப் போனார்.

ஆக, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கே இருந்தேன்? கழுத்தைச் சுற்றி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, அதன்மேல் மஃப்ளர் கட்டி, போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன். இதில் அநியாயம் என்னவென்றால், அன்று விடிகாலையில் கொல்கத்தாவே கொஞ்சம் ஆடியது. எல்லோருக்கும் ஒரு கதை கிடைத்தது. ஏரிக்கரையில் வாக்கிங் போய்க்கொண்டிருந்த காகு, அதாவது காகிமாவின் கணவர், ஏரித் தண்ணீர் தட்டில் ஊற்றிய டீ மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளும்பியதைக் கண்ணால் பார்த்தார். காகிமாவின் கையில் இருந்த டீத்தூள் டப்பா கொட்டியது. அவர்கள் மகள் மிமி, என் வயதுதான், பாத்ரூம் வாளியில் தண்ணீர் தானாகக் குதித்ததைப் பார்த்து அலறினாள். எங்கள் வீட்டு சீலிங் ஃபேன் அணைத்திருந்தும் ஆடியதாம். அதற்கு நேர் கீழே படுத்திருந்த நான் ஒன்றும் அறியேன். என்னை எழுப்பக்கூட இல்லை.

"தூங்கற புள்ளய எதுக்கு எழுப்பறது?" என்றாள் அம்மா, நான் பிறகு சண்டை போட்டபோது.

மற்றதெல்லாம் டிவியில் வந்தது. அப்பா நாள் முழுவதும் ஃபோனைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை. அம்மா டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. என் கஞ்சி ஆறி ஏடு கட்டியது. மறுநாள் மத்தியானம்தான் ஃபோன் வந்தது. பெரியம்மா வீட்டில் இருந்ததால் தப்பித்தார். தப்பித்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா கிடைத்துவிட்டாள். அவளை டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போன பெரியப்பா திரும்பி வரவில்லை.

நான் அழுதேன். பெரியப்பாவை எனக்குப் பிடிக்கும். லீவுக்குப் போனால் வண்டியில் முன்னால் உட்கார யார் முறை என்று எனக்கும் அக்காவுக்கும் அடிதடி நடக்கும், அவர் சிரித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பாமல் காத்திருப்பார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அழுகை அடங்கிய பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நல்லவேளை, இவளுக்கு மாம்ப்ஸ் வந்துச்சு" என்றபோது, எனக்கு அது பாராட்டாகவே படவில்லை. ஊரே ஒரு கதைக்குள் போய்விட்டது, என்னை மட்டும் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பட்டது.

பெரியப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். வாரிசு வேலைக்காகப் பெரியம்மா ஒவ்வொரு ஆபீசாக அலைய வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்கு அக்கா எங்களோடு இருக்கட்டும் என்று அம்மா போய்க் கூட்டிவந்தாள். ரயில் நிலையத்துக்கு நான் ஓடினேன். பொய் சொல்லவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் கட்டிலில் பாதி, என் மேசையில் பாதி, எல்லாம் கொடுத்தேன். அம்மாவில் பாதியைக் கொடுக்கச் சொல்வார்கள் என்று மட்டும் எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அதிலும் பாதியோடு நிற்கவில்லை.

மீன் விவகாரம் மார்ச்சில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிமா எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். ரூயி மீன் குழம்பு. வங்காளிகள் வீட்டில் பெரிய மீனின் தலை எல்லோருக்கும் விழாது. மாப்பிள்ளைக்கு விழும், பரீட்சையில் முதலில் வந்தவனுக்கு விழும், அன்றைக்கு யாரைக் கொண்டாட வேண்டுமோ அவர் தட்டுக்குப் போகும். அத்தனை வருடத்தில் என் தட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அன்று காகிமா அந்தத் தலையை அகப்பையில் ஏந்தி, குழம்பு சொட்டச் சொட்ட எடுத்துவந்து, அக்காவின் சோற்றின்மேல் வைத்தார். எனக்கு வால்துண்டு. முள் மட்டும்.

அக்கா அந்தத் தலையைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து ஓடினாள். பாத்ரூமிலிருந்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

காகிமா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடச்சி, நான் ஒரு மடச்சி!" மேசைமேல் இருந்த மீன் மொத்தமும் சமையலறைக்குள் மறைந்தது. அடுப்பு மறுபடி பற்றியது. அக்காவுக்கென்று தனியாக மாவு பிசைந்து, பூரி மாதிரி உப்பிய வெள்ளை வெளேர் லூச்சிகள், பக்கத்தில் கொழகொழவென்று உருளைக்கிழங்கு தம். வாந்தி எடுத்தால் லூச்சி கிடைக்கும் வீடு!

என் வால்துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"நானும் மீன் சாப்பிட மாட்டேன், காகிமா."

"ஏன்டி கண்ணு?"

"தீதி சாப்பிடலியே." தீதி என்றால் அக்கா.

காகிமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "பாருங்க, தீதிக்காக மீனையே விட்டுட்டா!" என்று உள்ளறையில் இருந்த காகுவுக்குக் கேட்கக் கத்தினார். எனக்கும் நான்கு லூச்சி வந்தது.

அந்த ஒரு மத்தியானம் வெற்றி என்னுடையது. தண்டனைதான் மாதக்கணக்கில் நீண்டது. அக்கா வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அம்மா மீன் சமைப்பதை நிறுத்தியிருந்தாள். அப்பா ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டில் ரசத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். எனக்கு இருந்த ஒரே மீன்வழி காகிமாவின் சமையலறை. அதை நானே அடைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் இலிஷ் மீன் வந்தது. கடுகரைத்த இலிஷ் வேகும் வாசனை மாடிப்படியில் ஏறி வந்து என் ஹோம்வொர்க் நோட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். மிமி விரலை நக்கிக்கொண்டே மேலே விளையாட வருவாள்.

"உனக்கு என்னடி வந்துச்சு? நீ ஏன் சாப்பிடல?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"சும்மா இருங்க. அக்காவுக்குத் துணையா இருக்கா அவ" என்றாள் அம்மா.

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ஏப்ரலில் அவளை என் பள்ளியில், என் வகுப்பிலேயே, என் பெஞ்சிலேயே சேர்த்தார்கள். ஹிந்தி, பெங்காலி இரண்டும் தெரியாததால் ஒரு வகுப்பு இறக்கம். டிபன் மணி அடித்ததும் அடுத்த செக்‌ஷன்களிலிருந்தெல்லாம் பெண்கள் சுனாமிப் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். மறுபடியும் நான் நடுவில். மறுபடியும் மூன்று வாக்கியம். ஆனால் இங்கே என் மாம்ப்ஸைப் பற்றி யாருக்கும் தெரியாது. மிமி பி செக்‌ஷன்; அவள் டிபன் வேளையில் கோகோ ஆடப் போய்விடுவாள்.

கட்டிலில் வந்த யோசனைக்கு இப்போதுதான் வேலை வந்தது. ஒருநாள் எலுமிச்சம்பழச் சோற்றை மென்றுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஐஸ் கம்பெனி மாடிப்படியில் அக்காவுக்குப் பின்னால் நானும் ஏறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு சுலபம். "நீயுமா?" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். ஒரு பிளந்த வாய் போதும், பிறகு நிறுத்த முடியாது. கோடை லீவுக்குள் மாடியில் அழுத ஒரு குழந்தைக்கு என் பிஸ்கட்டைக் கொடுத்திருந்தேன். பூஜை லீவுக்குள் கைதட்டிப் பாட்டுப் பாடி எல்லோரையும் தைரியப்படுத்தியிருந்தேன். பசுமாடு திரும்பி நீந்தி வந்தது. கன்றுக்குட்டியை நான்தான் மாடியிலிருந்து கயிறு போட்டு இழுத்தேன். எல்லாம் வங்காளத்தில். பக்கத்தில் அக்கா டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். அவ்வப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள். புரியாதவர்கள் பார்க்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன். அவள் பேசாததால் அவளுக்குப் புரியவில்லை என்று வீட்டிலும் பள்ளியிலும் எல்லோருமே முடிவு கட்டியிருந்தோம். மிஸ்கூட அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது.

டிசம்பர் வந்தது. லீவுக்கு முந்தைய கடைசி நாள். பி செக்‌ஷன் மிஸ் வராததால் இரண்டு செக்‌ஷனையும் எங்கள் அறையில் அடைத்தார்கள். ஒரு பெஞ்சுக்கு நாலு பேர். எங்கள் மிஸ் கரும்பலகையைத் துடைத்துவிட்டு மேசைமேல் சாய்ந்து நின்றார்.

"வர்ற இருபத்தாறாம் தேதியோட ஒரு வருஷம் ஆகப்போகுது. அன்னைக்கு யார் யார் எங்க இருந்தீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க பார்க்கலாம்."

முதல் பெஞ்சிலிருந்து வந்தது. ஒருத்தி மிருகக்காட்சி சாலையில் யானைக்கு முன்னால். ஒருத்தி மாமா கல்யாணத்தில். இன்னொருத்தி பிக்னிக்கில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்து "திகாவில்" என்றதும் நான் திரும்பி அவளைப் பார்த்தேன். திகா கடற்கரை, அவள் கையில் கடல் இருந்தது. நல்லவேளை, அன்று அவள் ஹோட்டல் அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மிமி வாளியைச் சொன்னாள். சின்னக் கைதட்டல்.

என் முறை. எழுந்தேன். ஒரு வருடம் ஒத்திகை பார்த்த கதை, எண்பது காதுகள். ஐஸ் கம்பெனி கேட்டில் தொடங்கி மாடிப்படி ஏறி பிஸ்கட் வரை வந்திருப்பேன்.

"பொய்!" என்றாள் மிமி. எழுந்தே நின்றுவிட்டாள். "மிஸ், பொய் சொல்றா! அவளுக்கு அப்ப மாம்ப்ஸ்! எங்க மேல்வீடு மிஸ், எங்க அம்மா இவளுக்குப் பார்லி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாங்க!"

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் தரையில் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டை இன்றைக்கும் நினைவிருக்கிறது. சிமெண்ட் பெயர்ந்த, பென்சில் சீவல் நிரம்பிய ஓட்டை. இனி ஒருவரும் என்னோடு பேச மாட்டார்கள். பெரியப்பா செத்துப்போனதை வைத்துப் பொய் சொன்னவள் என்று அம்மாவுக்குச் செய்தி போகும். அம்மாவில் மிச்சமிருந்த பாதியும் போய்விடும்.

மிஸ் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சரி, உன் அக்காகிட்டயே கேட்டுடலாம். நீயே தமிழ்ல கேளு. அன்னைக்கு உன் தங்கச்சி உன்கூட இருந்தாளான்னு கேளு" என்றார்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை என் கையிலேயே கொடுக்கப்பட்டது. மின்னல் மாதிரி ஒரு திட்டம் வந்தது. நிச்சயமாக ஆமாம் என்று பதில் வரும் கேள்வி ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? அக்காவின் பக்கம் குனிந்து, குரல் நடுங்காமல், தமிழில் கேட்டேன்.

"அக்கா, லீவுக்கு நீ அம்மாவப் பாக்க ஊருக்குப் போறியான்னு மிஸ் கேக்கறாங்க. ஆமான்னு பெருசா தலையாட்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். தலையாட்டவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். என்னையும் தாண்டி, மிமியையும் தாண்டி, நேராக மிஸ்ஸைப் பார்த்து, அழகான வங்காளத்தில் சொன்னாள்.

"ஓ அமார் ஷோங்கே சிலோ."

அவள் என்னோடுதான் இருந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துகொண்டாள்.

அவள் குரலையே பாதிப் பேர் அன்றுதான் கேட்டார்கள். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிமி சிவந்துபோய் உட்கார்ந்தாள். பாவம், அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான்.

நான் பிழைத்துவிட்டேன். ஆனால் எனக்குள் முதலில் ஓடியது நன்றி இல்லை. அந்தப் பசுமாடு ஓடியது. கயிறு போட்டு இழுத்த கன்றுக்குட்டி, பிஸ்கட், பாட்டு, எல்லாம் வரிசையாக ஓடின. இத்தனை மாதமும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு இவள் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்திருக்கிறாள்! அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது: இவளுக்கு வங்காளம் வந்துவிட்டது. என் உச்சரிப்பைவிட சுத்தமாக வந்துவிட்டது. இனி நான் எதற்கு?

ஸ்கூல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட நான் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்து உனக்கு பெங்காலி புரியுது?"

"மழை ஆரம்பிச்சப்பலேர்ந்து."

"மாடு நீந்தினது?"

"ம்."

"பின்ன ஏன் மிஸ்கிட்ட சொல்லல, நான் பொய் சொல்றேன்னு?"

அக்கா பையின் ஜிப்பை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பஸ் டாக்குரியா பாலத்தில் ஏறியது.

"மாடியில நெறையப் பேரு இருந்தாங்க. எனக்கு ஒருத்தரையும் தெரியல. நீயும் இருந்துட்டுப் போயேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்துட்டுப் போயேன்! சின்னதாகிப்போன பழைய கவுனைத் தங்கைக்குத் தூக்கிப் போடுகிற மாதிரி! எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பணக்காரி, தன் சுனாமியில் எனக்கு ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுக்கிறாள். வீடு வரும்வரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். இறங்கும்போது அவள் என் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து எடுத்து வந்தாள். அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் காகிமா என்னை மட்டும் கீழே கூப்பிட்டார். மிமி சொல்லியிருப்பாள் என்று தெரியும். மேசைமேல் ஒரு தட்டு. சோறு, பருப்பு, மஞ்சள் தடவிப் பொரித்த ரூயி மீன் துண்டு. நடுத்துண்டு.

"உக்காரு" என்றார். "உனக்கு மாம்ப்ஸ்தானே வந்துச்சு? மாம்ப்ஸ் வந்தவங்க மீன் சாப்பிடலாம்."

ஒன்பது மாதம் கழித்துச் சாப்பிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், ருசி ஒரு பக்கம், மூக்கு ஒழுகியது. காகிமா எதிரில் உட்கார்ந்து எனக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உன் தீதி ஏன் மீன் சாப்பிடறதில்லேன்னு தெரியுமா உனக்கு?"

"அவளுக்கு மீன் தலையைக் கண்டா பிடிக்காது" என்றேன்.

காகிமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு முள்ளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். இரண்டாவது துண்டும் போட்டார்.

பெரியப்பா அன்று மீன் வாங்கத்தான் போனார் என்பது எனக்குத் தெரியும். அக்கா மீனைத் தொடுவதில்லை என்பதும் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பசுமாட்டுக்குக் கன்றுக்குட்டி சேர்க்கத் தெரிந்திருந்தது. பெரியப்பா அவளைத் துறைமுகத்து ஐஸ் கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டு மீன் ஏலம் நடக்கும் பக்கம் போனார் என்பதை, ஏதோ கல்யாண வீட்டில் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டபோதுதான் கேட்டேன். அதற்குள் எனக்கு வயது பதினாறு. நாள் முழுக்க அந்த மாடியில், தெரியாத முகங்களுக்கு நடுவில், கீழே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒன்பதரை வயதுப் பெண்ணுக்கு, மறுவருடம் ஒரு தங்கை தானாகப் பொய் சொல்லி மாடிப்படி ஏறி வந்தாள். வேண்டாம், இறங்கு என்று அவளால் சொல்ல முடியவில்லை. எட்டு வயதில் எனக்கு அது பிச்சை மாதிரி இருந்தது. துணை கேட்டது அவள் என்பது புரியவில்லை.

பெரியம்மாவுக்கு வேலை கிடைத்தது. அக்கா ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள், லீவுகள், வீடியோ கால்கள்; எதிலும் நான் அந்த நாளைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்படிக் கேட்பது? கூட இருந்தவள் அல்லவா நான்! கூட இருந்தவள் யாராவது என்ன நடந்தது என்று கேட்பாளா?

நான் இப்போதும் கொல்கத்தாவில்தான், சால்ட் லேக்கில் வேலை பார்க்கிறேன். இது மூன்றாவது கம்பெனி, கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. அக்காவின் கணவருக்குப் போன வருடம் இந்த ஊருக்கே மாற்றலாகி, நியூ டவுனில் பதினோராவது மாடியில் இருக்கிறார்கள். போன ஞாயிறு போயிருந்தேன். அக்கா சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள், ஆறு வயது, என் மடியில் ஏறி உட்கார்ந்து என் வாட்ச்சைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"சித்தி, அம்மா சின்னப் புள்ளயா இருக்கும்போது கடல் தண்ணி வந்துச்சாமே. நீயும் அம்மாகூட மாடியில இருந்தியாமே. பயமா இருந்துச்சா உனக்கு?"

"யாரு சொன்னா?"

"அம்மாதான். எப்பக் கேட்டாலும் சொல்லுவாங்க. சித்தி இருந்தா, அதனால பயமில்லேன்னு."

சமையலறையில் கத்தி நின்றது. ஒரு கணம்தான். மறுபடி நறுக்கும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் சொல்றேன்டி" என்று தப்பித்து வந்துவிட்டேன். டாக்ஸியில் வரும்போது எனக்கு அழுகை வந்ததா என்றால் வந்தது. ஆனால் அதோடு கூடவே அந்தப் பழைய பொறாமையும் வந்தது, கொஞ்சமும் வயதாகாமல். இந்தமுறை அக்காமேல் இல்லை. அந்த மாடியில் நிஜமாகவே அவள் பக்கத்தில் இருந்தார்களே, பெயர் தெரியாத அத்தனை பேர், அவர்கள்மேல். அவளைத் தூக்கிப் படியேற்றிய கை யாருடையதோ, அந்தக் கைமேல். இருபது வருடமாக என் இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஞாயிறு மறுபடி போகிறேன். குழந்தையை அவள் அப்பாவோடு பார்க்குக்கு அனுப்பிவிட்டு, அக்காவை பால்கனியில் உட்கார வைத்துக் கேட்கப்போகிறேன். அலை எவ்வளவு உயரம் என்று கேட்க மாட்டேன். பெரியப்பாவைப் பற்றி அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். முதல் கேள்வியை மட்டும் தயார் செய்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கே ஒன்றும் தெரியாது.

"அக்கா, அந்த மாடியில என்னை எங்க உக்கார வெச்சிருக்க? உனக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"